வீட்டுப் பட்டறைக்கு மிக் வெல்டிங் மிஷின்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை



சுயதொழிலுக்கான வட்டியில்லாக் கடனில் சென்ற ஆண்டு நம் இளைஞர் ஒருவருக்கு வெல்டிங் மிஷின் வாங்கிக் கொடுத்தோம். முகப்பில் 250 ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருந்தது. விலையும் கைக்கு அடக்கமாக இருந்ததால் கமிட்டியில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதும் நாம்தான். அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து வேலையைத் தொடங்கினார். இரண்டாம் நாளே வீட்டு மெயினில் டிரிப் ஆனது. ஆம்பியரைக் குறைத்து ஓட்டினால் சில நிமிடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து மிஷின் தானாக நின்றுவிடும். ஐந்தாம் மாதம் உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது. விற்ற கடைக்காரர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றார். திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு தவணையையும் அவருடைய தாயார் தையல் காசில் கட்டினார்கள். தவணையைத் தள்ளிவைக்கிறோம் என்று நாம் சொல்லியும் அவர்கள் ஒப்பவில்லை.

இப்போது அதே மாதிரி மிஷின் கேட்டு மூன்று விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற நம் மஹல்லா பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இதைப் போன வருடமே செய்திருக்க வேண்டும்.

மிக் மிஷினில் ராடு கிடையாது. சுருளிலிருந்து மெல்லிய கம்பி டார்ச் வழியாகத் தானே வந்துகொண்டிருக்கும். உருகும் இடத்தைக் காற்று தொடாதபடி வாயு மூடிக்கொள்ளும். பட்டறைகளில் 'சிஓ2 வெல்டிங்' என்று சொல்வது இதைத்தான். 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் கட்டில், மேசை, அலமாரிச் சட்டம் செய்பவருக்கு இது நல்ல மிஷின். அந்தக் கனத்தில் ராடு வைத்தால் ஓட்டை விழும். ஆனால் கேட்டும் கிரில்லும் மாட்டிக்கொடுக்கவும், மொட்டை மாடியில் ஷெட் போடவும் போகிறவருக்கு ராடு மிஷினே போதும் என்பது பெரியவரின் கருத்து. நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. திறந்த வெளியில் காற்று வாயுவைக் கலைத்துவிடும், ஒட்டில் புழு அரித்தது போல் துளைகள் வரும். துருவும் பெயிண்டும் உள்ள பழைய இரும்பையும் மிக் பொறுக்காது, தேய்த்துச் சுத்தம் செய்துதான் வைக்க வேண்டும். இரண்டு வேலையும் வரும் என்றால் மிக்கும் ராடும் சேர்ந்த மிஷினாகப் பார்க்கலாம்.

அடுத்தது, நாம் ஏமாந்த இடம். முகப்பில் உள்ள ஆம்பியர் எண் மட்டும் எதையும் சொல்லாது. மிஷினின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ ஒரு தகடு இருக்கும். அதில் 'டியூட்டி சைக்கிள்' என்று சதவீதம் போட்டிருப்பார்கள். கணக்கு 10 நிமிடத்துக்கு. 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டிங் வைக்கலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும். அதே 200 ஆம்பியரில் 20 சதவீதம் என்றால் 2 நிமிடம்தான். அந்த மிஷினை நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமானால் 90 ஆம்பியருக்குள்தான் ஓட்ட முடியும். இந்தச் சதவீதத்தை 40 டிகிரி வெப்பத்தில் சோதித்துச் சொல்வதுதான் முறை. சிலர் 25 டிகிரியில் சோதித்துவிட்டுப் பெரிய எண்ணைப் போடுகிறார்கள். நம் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

உண்மையில் எவ்வளவு ஆம்பியர் தேவை? 0.8 கம்பி போட்டு 1.2, 1.6 மில்லிமீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய 60 முதல் 90 வரை. 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 அளவில். வீட்டுப் பட்டறைக்கு அதைத் தாண்டிய வேலை அபூர்வம். ஆகவே 60 சதவீதம் கொடுக்கும் 200 ஆம்பியர் மிஷின், பெயருக்கு 250 போட்டதைவிட மேல். 40 சதவீதம் கொடுத்தாலும் தாராளம்.

இனி வீட்டுக் கரண்ட். டார்ச்சில் 100 ஆம்பியர் வைத்தால் சுவரிலிருந்து ஒருமுனை மின்சாரம் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். 150 வைத்தால் 23 ஆகும், 200 வைத்தால் 35 வரை போகும். ஏசி மாட்டும் 16 ஆம்பியர் பிளக் முதல் கணக்கோடு சரி. எனவே தனி லைன் இழுத்து, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டு, 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்து, எர்த்தைச் சோதித்த பிறகே மிஷினை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தூரம் அதிகம் என்றால் 6 சதுர மில்லிமீட்டர். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி ஒட்டும் கெடும், போர்டும் கெடும். வீட்டு இணைப்பில் கூலி வேலை செய்வது விதிப்படி கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் தொழில் இணைப்புக்கும் தேவையான லோடுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஹலாலான சம்பாத்தியத்துக்கு இதுவும் ஒரு பகுதிதான்.

'கேஸ் வேண்டாம், கேஸ் இல்லாமலே ஓடும்' என்று கடையில் சொல்வார்கள். அதற்கு உள்ளே மருந்து வைத்த கம்பி வேண்டும். சாதாரணக் கம்பியைவிட விலை கூடுதல், புகையும் அதிகம். அந்தக் கம்பிக்கு டார்ச்சை மைனஸிலும், வாயுவோடு ஓட்டும் சாதாரணக் கம்பிக்குப் பிளஸிலும் மாட்ட வேண்டும். இரண்டுக்கும் மாற்ற வசதி உள்ள மிஷினை மட்டும் வாங்குங்கள். வாயுவைப் பொறுத்தவரை சிஓ2 மலிவு, தெறிப்பு கொஞ்சம் அதிகம். ஒரு கிலோ சிஓ2 ஏறக்குறைய 500 லிட்டர் வாயு தரும். நிமிடத்துக்கு 12 லிட்டர் திறந்தால் 40 நிமிட வெல்டிங். சிலிண்டர் டெபாசிட், ரெகுலேட்டர், அது உறையாமலிருக்க ஹீட்டர் எல்லாவற்றையும் விண்ணப்பத் தொகையிலேயே சேர்த்து எழுதுங்கள். மிஷினுக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு, சிலிண்டருக்குக் கைமாற்று தேடியவரையும் பார்த்திருக்கிறோம்.

சிறிய மிஷின்கள் சிலவற்றில் 1 கிலோ சுருள் மட்டுமே உட்காரும், அதில் கிலோ விலை அதிகம். 5 கிலோவாவது, முடிந்தால் 15 கிலோ சுருளும் ஏற்க வேண்டும். டார்ச் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டராக இருந்தால் நுனியும் நாஸிலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மிஷினோடு ஒட்டிய டார்ச் என்றால் அது கெடும் நாளில் தொல்லை.

கடைக்குப் போகும்போது நீங்கள் வேலை செய்யும் அதே குழாயில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு போங்கள். 10 நிமிடம் வைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். போர்டு போனால் எந்த ஊரில் பழுது பார்ப்பார்கள், எத்தனை நாள், அதுவரை மாற்று மிஷின் உண்டா என்று கேட்டு, பதிலை பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை நமக்கு இரண்டு மாதச் சம்பாத்தியத்தைத் தின்றது.

வீட்டில் ஓடும் மிஷின் என்பதால் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒளியைப் பார்த்த பிள்ளைக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல் துடிக்கும். கொட்டகைக்குத் தடுப்பு கட்டிய பிறகே வேலை தொடங்கட்டும். துணிக்கொடி, விறகு, சமையல் சிலிண்டர் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. வேலை முடிந்து அரைமணி நேரம் யாராவது ஒருவர் அங்கே இருந்து பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயின் புகை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யச் சொல்லுங்கள்.

விண்ணப்பித்துள்ள மூவரும் கடையில் முன்பணம் கொடுக்கும் முன் மிஷின் தகட்டைப் போனில் படமெடுத்து, விலைப்பட்டியலோடு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பெரியவரும் வந்திருப்பார், இன்ஷா அல்லாஹ்.