நடமாடும் பட்டறைக்கு லொறிப் பெட்டி அமைத்தல்

படகு இஞ்சின், நீர்ப்பம்பி, வெல்டிங் வேலை தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், கடை போடுவதற்கு முன் ஒரு சிறிய லொறியைப் பற்றியும் யோசியுங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது. இப்போது பாதைக்குக் காத்திருக்காமல் மூதூரிலிருந்து திருகோணமலை நகருக்குப் போகலாம். சம்பூர், கட்டைபறிச்சான், நிலாவெளி, குச்சவெளி எங்கும் வேலை உண்டு. ஆனால் வாழ்வாதார உதவிப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும். அதைப் பாரமான பெட்டியில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் லொறியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எடைகளைப் பாருங்கள். பெட்டி, ஆயுதங்கள், ஆட்கள் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். பத்துச் சதுர மீற்றர் இரும்புத் தகடு 2 மில்லிமீற்றர் தடிப்பில் 157 கிலோ, 1.2 மில்லிமீற்றரில் 94 கிலோ. வித்தியாசம் ஒரு சீமெந்துப் பையை விட அதிகம்! தடித்த தகடுதான் உறுதி என்று பட்டறையில் சொல்வார்கள். உறுதியைத் தருவது உள்ளே வைக்கும் சட்டங்கள்.

பிறகு மணலில் லொறித் தட்டின் அளவைத் தடியால் கீறி, உங்கள் ஆயுதங்களை அதற்குள் பரப்பிப் பாருங்கள். அடிக்கடி எடுப்பவை இடப்பக்கம் வரட்டும். நாம் வீதியில் இடப்பக்கம் ஓடுவதால், அந்தக் கதவைத் திறந்து நின்றால் பஸ் உங்களை உரசாது. ஜெனரேட்டர் போன்ற பாரங்கள் தரையோடு, பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் தொங்கினால் முன் சில்லு இலேசாகி, ஸ்டியரிங் பிடிபடாது. வாயுச் சிலிண்டர்களை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். மூடிய பெட்டிக்குள் அவற்றை வைக்கக்கூடாது. பெற்றோல் கானை அவற்றின் அருகிலும் வைக்க வேண்டாம்.

பெட்டியைச் சசியோடு ஒட்டவைக்க விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் சசி பலமிழந்து வெடிக்கும். இடையில் இறப்பர் வைத்து யூ-போல்ட்டால் இறுக்குவதே சரி. லொறியில் எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

செலவு குறைக்கக் காணியிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் பழைய இரும்பைப் பொறுக்க வேண்டாம். வெடிக்காத குண்டு துருப்பிடித்த குழாய் போலவே கிடக்கும். கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

எங்கள் கரையில் பெட்டியின் பெரிய எதிரி கறள். தரையின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய ஓட்டை போடச் சொல்லுங்கள். ஒட்டின இடங்களை உரசி, சிங்க் பிரைமர் அடித்த பின்பே நிறம் பூச வேண்டும். அலுமினியம் இலேசானது; ஆனால் இரும்போடு நேரே தொட்டால் உப்பு ஈரத்தில் அரித்துப்போகும், நடுவே இறப்பர் தேவை.

லொறியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கீறிய படத்தோடு கச்சேரியில் முன்கூட்டியே விசாரியுங்கள். பட்டறைக்குக் காசை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். கடைசிப் பங்கைக் கொடுக்கும் நாளில் கூரையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, உள்ளே ஏறி லாச்சிகளைத் திறந்து பாருங்கள்.