குளிர்காலத் தட்டைமீன்

நம் கரைகளில் நாக்குமீனைக் கண்டோர், இரு கண்களும் ஒரே பக்கத்தில் அமைந்த அதன் விநோத உருவத்தை மறவார். இவ்வினத்து மீன்கள் குஞ்சாயிருக்கையில் ஏனைய மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும்; பக்கத்துக்கொரு கண் உண்டு. வளருங்கால் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கஞ் சேர, மீன் ஒருபுறமாய்ச் சாய்ந்து மணலிற் படுத்து வாழத் தொடங்கும்.

இங்கிலாந்தின் கரையோரத்தில் இவ்வினத்துச் சிறுமீன்கள் மூன்று பெரிதும் அகப்படுகின்றன. அவை டாப், பிளவுண்டர், பிளேஸ் என்பன. டாப் குளிர்காலத்திற் கரையை நெருங்கி வரும். பிளவுண்டர் ஆற்று முகத்துவாரங்களில் மேய்ந்து, குளிர்கால இறுதியில் முட்டையிடுதற்பொருட்டு ஆழ்கடலை நாடும்.

இவற்றைத் தூண்டிலிற் பிடிக்கும் முறை எளிது. வாய் மிகச் சிறிதாதலால் முள்ளும் சிறிதாயிருத்தல் வேண்டும். இரையை ஆழ விழுங்கும் இயல்பினவாதலால் முள்ளின் காம்பு நீண்டிருப்பின் கழற்றுதல் எளிதாம். ஈர மணலைத் தோண்டியெடுக்கும் கடற்புழுவே சிறந்த இரை. ஈயக்குண்டு இரையைக் கடலடியிற் கிடத்தும். வெகுதூரம் எறிவதே திறமையெனக் கருதுவோர், கரையோரப் பள்ளத்தில் மேயும் மீனுக்கு அப்பால் எறிந்து ஏமாறுவதுமுண்டு. நரம்பு அசைந்தவுடன் இழுத்தல் கூடாது. மீன் இரையை நன்கு கவ்வும்வரை பொறுத்தல் நலம்.

ஆயின் பிடித்த பின்னரே அறிவுக்கு வேலை. அந்நாட்டு விதிப்படி 27 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிளேஸ் மீனைக் கடலிலேயே விட்டுவிடல் வேண்டும். டிசம்பரில் அங்கு மாலை நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். பிளேஸுக்குச் செம்மஞ்சட் புள்ளிகள் உண்டெனினும், பிளவுண்டருக்கும் அவை சிலபோது காணப்படுமாதலால் நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. விரலே உற்ற துணை. வாலினின்று தலைநோக்கித் தடவுகையில் உடல் முழுதும் சொரசொரப்பாயின் அது டாப். உடல் வழவழப்பாயிருந்து, நடுக்கோட்டிலும் செட்டைகளின் அடியிலும் மட்டும் முட்போல் உறுத்துமாயின் பிளவுண்டர். தோல் வழவழப்பாயிருக்க, கண்களுக்குப் பின்னே எலும்புக் குமிழ்கள் வரிசையாய்த் தட்டுப்படின் பிளேஸ்.

விடவேண்டிய மீனை நனைந்த கையாலேயே பற்றுக. உலர்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பு அழியும். பின்னர் எறியாது, நீரில் மெல்ல விடுக. இன்று விட்ட சிறுமீன் வளர்ந்து முட்டையிடுமாயின், வருங்காலத் தூண்டிலும் வெறுங்கையாய்த் திரும்பாது.