சந்தாபுராவிலிருந்து விமானமா, சாலையா?

பெங்களூரு–சென்னை விமானப் பயணம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் சந்தாபுராவில் குடியிருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. நாம் இருப்பது பெங்களூருவின் தென்கோடி. தேவனஹள்ளி விமான நிலையம் வடகோடி. இடையில் 60 கிலோமீட்டருக்கு மேல், சில்க் போர்டு, ஹெப்பால் நெரிசலோடு. மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், மழை என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்ட்டர் மூடப்படும். சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். ஒசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் காரில் போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தான்! சேலம், கோவைக்கும் சாலையே மேல். ஒசூர் பக்கத்திலேயே இருக்கிறது.

டெல்லி போன்ற தூரத்துக்கு விமானம்தான். 1,700 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். முடிந்தவரை விடிகாலை விமானமாகப் பாருங்கள்; அந்நேரம் சாலை காலியாக இருக்கும். பணம் மிச்சமாக வேண்டுமா? எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பேருந்து உண்டு.

டிக்கெட் எடுக்கும் முன், வீட்டுவாசலிலிருந்து நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.