டி.சி. வாங்குவதற்கு முன்

கோவையில் ஆடிட்டராக இருக்கிறேன். மில், பவுண்டரி, பம்ப்செட் கம்பெனிக் கணக்குகளில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. சில வருஷங்களாக இன்னொரு கூட்டமும் வருகிறது. இன்ஜினீயரிங் படிக்கும்போதே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்ய வேண்டும் என்று வரும் பிள்ளைகள். பேசி முடித்துக் கிளம்பும்போது சிலர் தயங்கி நின்று கேட்பார்கள்: "சார், காலேஜை டிஸ்கன்டினியூ பண்ணிடலாமான்னு பாக்குறேன்."

"தம்பி, பில் போட்டாச்சா?" என்பேன்.

சொந்தக்காரரோ கூடப் படிப்பவரோ அல்லாத யாராவது ஒருவர் நீங்கள் செய்ததற்குக் காசு கொடுத்திருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் "ஆப் இன்னும் ரெடியாகலை சார்" என்றுதான் பதில் வரும். அப்படியானால் கல்லூரியை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ஆப் எழுத ராத்திரி போதும். ஹாஸ்டலில் எப்படியும் இரண்டு மணிக்கு முன்னால் யாரும் தூங்குவதில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் மகனோடு வந்திருந்தார். "ஏனுங்க, பில்கேட்ஸும் படிப்பை உட்டவர்தான்னு சொல்றானுங்க. நெசமுங்களா?" என்றார். நிஜம்தான். ஆனால் 1975-ல் பில் கேட்ஸ் ஹார்வர்டை விட்டுக் கிளம்பியபோது, ஆல்டேர் கணினிக்கு அவரும் பால் ஆலனும் எழுதிய பேசிக் மென்பொருளை வாங்க மிட்ஸ் என்ற கம்பெனி தயாராக இருந்தது. ஹார்வர்டில் விடுப்பு சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வந்து சேரலாம். அப்பா சியாட்டிலில் பெரிய வக்கீல். மார்க் சக்கர்பெர்க் விஷயமும் ஏறக்குறைய இதுதான். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் தொடங்கியது. அந்த வருஷமே பீட்டர் தீல் என்ற முதலீட்டாளர் 5 லட்சம் டாலர் போட்டார். வாடிக்கையாளரோ பணமோ ஏதோ ஒன்று கையில் வந்த பிறகுதான் இவர்கள் படிப்பைத் தூக்கி வைத்தார்கள்.

இங்கே படிப்பை விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும்தான் தவணை விலக்கு. நடுவில் நின்றால் வங்கி சீக்கிரமே தவணையைக் கேட்க ஆரம்பிக்கும். கடன் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரும் இறங்கும். அடுத்தது சர்டிபிகேட். மீதி வருஷங்களுக்கும் ஃபீஸ் கட்டினால்தான் ஒரிஜினல் தருவோம் என்று மிரட்டும் கல்லூரிகள் உண்டு. ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. இரண்டுமே சொல்லியிருக்கின்றன. பயப்படாமல் எழுத்தில் கேளுங்கள்.

யாரும் யோசிக்காத செலவு கம்பெனியால் வருகிறது. பதிவு செய்த கையோடு லோகோ போட்ட டி-ஷர்ட் எல்லாம் அடித்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். கம்பெனி மட்டும் ஆர்.ஓ.சி. எனும் கம்பெனிப் பதிவாளர் அலுவலகப் பதிவில் உயிரோடு இருக்கும். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் ஆடிட் செய்ய வேண்டும், ஏ.ஓ.சி.-4 என்றும் எம்.ஜி.டி.-7ஏ என்றும் இரண்டு படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஒரு வருஷம் மறந்தால் இரண்டுக்கும் சேர்த்து 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று வருஷம் விட்டால் ஐந்து வருஷத்துக்கு டைரக்டராக இருக்கத் தகுதி போய்விடும். மூடலாம் என்றாலும் பாக்கியை எல்லாம் தாக்கல் செய்துவிட்டு, 10,000 ரூபாய் கட்டி எஸ்.டி.கே.-2 படிவம் போட வேண்டும். வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன பிள்ளைகள், முதல் வருஷச் சம்பளத்தில் இதைக் கட்டுவதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். விற்றுப் பார்ப்பதற்குக் கம்பெனி தேவையில்லை. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். உங்கள் பெயரிலேயே தொழிலைத் தொடங்கலாம்.

எல்லோரையும் நான் தடுப்பதில்லை. மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படித்த ஒரு பையன் ஒரு நாள் பையிலிருந்து வார்ப்படத் துண்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. "ப்ளோ ஹோல் சார். மணல்ல ஈரம் கூடினா இப்படித்தான் ஆகும்" என்றான். மணல் ஈரத்தை அங்கேயே அளந்து சொல்லும் கருவி ஒன்றைச் செய்து, சில பவுண்டரிகளில் வைத்திருந்தான். முதலாளிகள் கையெழுத்துப் போட்ட பர்ச்சேஸ் ஆர்டர்கள் கையில் இருந்தன. அட்வான்ஸ் செக்கும் இருந்தது. பவுண்டரியில் வேலை நடப்பது பகலில். அந்த நேரத்தில் அவன் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்தால் ஆர்டர் போய்விடும். அவனைப் படிப்பை விடச் சொல்லவில்லை, நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஒரு வருஷம் பிரேக் எடுத்தான், பிறகு போய் முடித்தான். இப்போது எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். டிகிரி தொழிலுக்கு உதவியதா என்று கேட்டால் சிரிப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் உதவியதாம்.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த கம்பெனிகளைப் பியர் அசூலே என்ற எம்.ஐ.டி. பேராசிரியரும் மற்றவர்களும் ஆராய்ந்து, தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று கண்டார்கள். கிரிஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் பல வருஷம் வேலை பார்த்த பிறகுதான் 2010-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார். 2021-ல் அது நாஸ்டாக்கில் பட்டியலானது. ஏதர் ஸ்கூட்டரைத் தொடங்கிய இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படிப்பை முடித்தவர்கள். இருபது வயதில் ஐடியா கைவிட்டுப் போய்விட்டால் வாழ்க்கை போய்விடாது.

படிப்பை நிறுத்தி வைக்க விதியிலும் இடம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பி.இ.யை முடிக்க 14 செமஸ்டர் வரை, அதாவது 7 வருஷம் அவகாசம் உண்டு. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையும் தொழில் செய்யும் மாணவர்களுக்குச் செமஸ்டர் அல்லது வருஷ இடைவெளி தரலாம் என்கிறது. கல்லூரி அலுவலகத்தில் பலருக்கு இது தெரியாது. கொள்கையைப் பிரின்ட் எடுத்துக் கொண்டு போங்கள். கடிதத்தில் டிஸ்கன்டினியூ என்று எழுதாமல் பிரேக் ஆஃப் ஸ்டடி என்று எழுதுங்கள். அவர்கள் சீல் போட்டுத் தரும் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பிப் போய்ச் சேரும்போது அதைத்தான் கேட்பார்கள்.