பற்றுக்கு வாங்கினாலும் நாம் நுகர்வோரே!

 

நுகர்வோர் என்றால் யார்? காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவர் என்று உடனே சொல்லிவிடுவோம். அப்படியானால், பற்று நோட்டில் எழுதி வாங்குகிறவர் யார்? நம் மணப்பாட்டில் பல வீடுகளில் அப்படித்தானே வாங்குகிறோம். கச்சான் காற்று பலமாக அடித்தால் வள்ளம் கடலுக்குப் போகாது. மீன்பாடு இல்லாத நாளிலும் அடுப்பு எரியணும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டில் ஏறும்.

எங்கள் வீட்டிலும் பற்று உண்டு. ஒருநாள் கடையில் பருப்பு வாங்கும்போது, தட்டில் ஒன்றும் வைக்காமலே தராசு 20 கிராம் காட்டியது. "அண்ணாச்சி, சைபர்ல வச்சு நிறுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இருட்டி, போன மாசப் பாக்கியே கெடக்கு" என்று மெதுவாகச் சொன்னார்கள். பாக்கி இருந்தால் கேள்வி கேட்கக்கூடாதா? இதைத்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் தந்தார். அதனால்தான் அந்த நாளை தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். அது 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. விலையைக் கொடுத்தவர் மட்டுமல்ல, பிறகு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவரும், பாதி கொடுத்தவரும், தவணையில் கட்டுபவரும் நுகர்வோர்தான் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே பற்றுக்கு வாங்கும் அம்மாவுக்கும், ரொக்கம் கொடுப்பவருக்கும் உரிமை ஒன்றே. கடன் விலைக்குத்தான், எடைக்கு இல்லை.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. தராசு: பொருள் வைக்கும் முன் சைபர் காட்ட வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை இட வேண்டும். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது.

2. பாக்கெட்: நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், நிறுவனத்தின் முகவரி, எம்.ஆர்.பி. விலை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். ஜில்லுன்னு தருகிறோம் என்று இரண்டு ரூபாய் கூடக் கேட்பது தவறு.

3. ஒரு கிராம் விலை: 50 கிராம் மஞ்சள்தூள் 20 ரூபாய் என்றால் ஒரு கிராம் 40 பைசா. 100 கிராம் 34 ரூபாய் என்றால் ஒரு கிராம் 34 பைசா. பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

4. கருப்பட்டி: பக்கத்து ஊரான உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் பெரிசானால் கலப்படமும் வரும். சீனி கலந்து காய்ச்சுவதும் உண்டு. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

5. நோட்டு: கடையில் ஒரு நோட்டு இருந்தால் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். தேதி, பொருள், எடை, விலை நான்கையும் அன்றைக்கே எழுதுங்கள். ரொக்கத்துக்கு வாங்கினால் பில் கேளுங்கள்.

ஒரு பிஸ்கட் கதை

2021 டிசம்பரில் சென்னைக்காரர் ஒருவர் தெரு நாய்களுக்குப் போட ஐ.டி.சி. நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று இருந்தது. உள்ளே 15 தான்! எடை பார்த்துத்தான் விற்கிறோம், எண்ணிக்கை பார்த்து அல்ல என்று நிறுவனம் வாதாடியது. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில், ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒரு பிஸ்கட்டின் விலை வெறும் 75 பைசா!

எங்கே கேட்பது?

முதலில் கடையிலேயே மரியாதையாகக் கேட்போம். சரியாகாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரேஷன் கடைக்கு 1967. அதற்கும் மேலே தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கேட்டால் அண்ணாச்சி கோபிப்பாரே என்று சிலர் நினைக்கலாம். கடல் இல்லாத நாளில் நம்மை நம்பிச் சாமான் தருகிறவர் அவர். அந்த உதவியை மறக்கக்கூடாது. ஆனால் கரையில் மீன் நிறுக்கும்போது அப்பா தராசுமேலதான் கண்ணு வைக்காங்க. அதற்காக வியாபாரி கோபிப்பதில்லை. அதே வழக்கம் பலசரக்குக் கடையிலும் இருந்தால் என்ன?

தோழர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது மூன்று பாக்கெட்டை எடுத்து, ஒரு கிராம் விலை என்ன என்று கணக்குப் போடுங்கள். விடையை எழுதி நம் சுவரிதழில் ஒட்டலாம். அம்மாவிடமும் காட்டுங்கள்.

கேட்பது நம் உரிமை! விழிப்போடு வாங்குவோம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மணப்பாடு.