மீனும் தூண்டிலும்: ஒரு பழமொழியின் கதை

"ஒருவனுக்கு ஒரு மீனைக் கொடுத்தால் அன்றைய பசி தீரும், மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் வாழ்நாள் முழுவதும் பசி தீரும்." நிவாரணம் பற்றியும் சுயதொழில் பற்றியும் பேசும் கூட்டங்களில் இந்த ஆங்கிலப் பழமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிறர் கையை எதிர்பார்த்திருப்பதை விடத் தன் கையால் உழைத்து உண்ண வழிகாட்டுவதே மேலான உதவி என்பது இதன் பொருள்.

இதனைச் சீனப் பழமொழி என்பர். கன்பூசியஸ் சொன்னதாகவும் அச்சிடுவர். அவர் பெயரில் வழங்கும் உரையாடல் நூலில் இது இல்லை. விவிலியத்தில் உள்ளதென எண்ணுவோரும் நம்மிடையே உளர், அங்கும் இல்லை. 1885இல் வெளிவந்த 'மிசிஸ் டைமண்ட்' என்னும் ஆங்கில நாவலில் இதன் பழைய வடிவம் ஒன்று காணப்படுகிறது. அதை எழுதியவர் ஆன் இசபெல்லா தக்கரே றிச்சி (1837–1919). புகழ்பெற்ற நாவலாசிரியர் வில்லியம் தக்கரேயின் மகள் இவர். மீனைப் பெற்றவனுக்கு ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும், பிடிக்கக் கற்பித்தால் அது அவனுக்குச் செய்யும் நன்மை, என்ற அளவில்தான் அங்கே பேச்சு நிற்கிறது. "வாழ்நாள் முழுவதும்" என்பது பின்னர் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. இத்தகைய கொள்கைகள் படித்த மேல்வகுப்பாரின் ஓய்வுக்கு இடைஞ்சலாகிவிடும் என்று ஒரு குத்தலும் நாவலில் தொடர்ந்து வருகிறது. மேடைகளில் அதை எவரும் சொல்வதில்லை!

இப்பழமொழியில் ஒரு குறை உண்டு என்பது நமது எண்ணம். பசித்தவனுக்குத் தொழில் தெரியாது என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. நாற்றுமேடை போடவும் வரம்பு கட்டவும் மழைக்குறி பார்க்கவும் தெரிந்த விவசாயி இடம்பெயர்ந்து கொட்டிலில் இருக்கும்போது, அவரிடம் இல்லாதது அறிவன்று. காணி, விதைநெல், மண்வெட்டி, உழவுமாடு. மீன் பிடிக்கத் தெரிந்தவனுக்கும் தூண்டில் வேண்டும், குளத்துக்குப் போக வழியும் வேண்டும். அன்றைய மீனும் வேண்டும்தான். மூன்றரை மாத நெல்லை விதைத்தாலும் அறுவடை வரை அடுப்பு எரியவேண்டாமா?

இதை நன்கு உணர்ந்தவர், 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ். அவர் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. வறியவர் மீண்டும் பிறரிடம் கேட்க நேராதபடி அவருக்கு நன்கொடையோ கடனோ கொடுப்பதும், தொழிலில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதும், வேலை தேடிக்கொடுப்பதும் எல்லாவற்றிலும் உயர்ந்த படி. பாடம் சொல்லிக்கொடுப்பது அப்படியில் குறிப்பிடப்படவில்லை.