பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு

பழைய அம்பாசடரில் பிக்கப் குறைந்தால், பரமத்தி வேலூர் பக்கம் முதலில் கை போவது டிஸ்ட்ரிபியூட்டருக்குத்தான். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் திருகிப் பார்த்து, "டைமிங் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை டைமிங் சும்மா போவதில்லை. பெரும்பாலும் போவது பாயிண்ட். கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய பாயிண்டின் இடைவெளி குறுகும், அதனால் அது தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக வரும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே ஒரு டிகிரி பிசகினால் அங்கே இரண்டு டிகிரி. தேய்ந்த பாயிண்டை வைத்துக்கொண்டு திருகினால் இன்றைக்கு வண்டி இழுக்கும். அடுத்து யாராவது புதுப் பாயிண்ட் போட்டதும் அட்வான்ஸ் அளவுக்கு மீறி, இஞ்சின் தட்டத் தொடங்கும்.

ஆகவே ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி வைத்தபிறகே டைமிங்கைத் தொட வேண்டும். ரோட்டார் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, எந்த அளவும் நிற்காது. பிறகு முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் கொண்டுவந்து, புல்லிக் குறியைப் புத்தகம் சொல்லும் இடத்தில் நிறுத்தி, 12 வோல்ட் பல்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு வயர் முனையிலும் மறுமுனையை பாடியிலும் கொடுங்கள். சாவியைப் போட்டு, மெதுவாகத் திருகினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அதுதான் இடம். செலவு ஒரு பல்பு.

காதால் கேட்டே டைமிங் வைக்கும் மேஸ்திரிகள் உண்டே என்பார்கள். அவர்கள் காதை நான் குறை சொல்லவில்லை; நின்றிருக்கும் வண்டியில் கேட்பதுதான் சிக்கல். ஐட்லிங்கில் இஞ்சினுக்கு அட்வான்ஸ் அதிகமாகவே பிடிக்கும், இனிமையாக ஓடும். சுமை ஏறியதும் அதே அட்வான்ஸ் நாக்கிங் ஆகிறது. நம் சமவெளிச் சாலை அதைக் காட்டிக்கொடுக்காது. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைச் சாலை காட்டிவிடும், அதுவும் சித்திரை வெயிலில். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் போதும்: தட்டல் லேசாகக் கேட்டு உடனே அடங்கினால் சரி, தொடர்ந்தால் கொஞ்சம் ரிடார்ட் செய்ய வேண்டும்.

டைமிங் லைட் இருந்தால் பல்பு எதற்கு என்பது அடுத்த கேள்வி. லைட் நல்லதுதான், வேக்யூம் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தால். வேகம் கூட்டும்போது குறி சீராக நகராவிட்டால் உள்ளே எடைக்கட்டையோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கிறது. வெளியே எவ்வளவு திருகினாலும் அது தீராது. எலெக்ட்ரானிக் கிட் போட்டாலும் இந்த எடைக்கட்டைகள் அப்படியேதான் இருக்கும். பாயிண்ட் தேய்மானம் மட்டும் ஒழியும்.

புத்தகத்து எண்ணையே வேதமாகப் பிடிப்பதும் தவறு. அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எண். அந்தப் பெட்ரோல் நம் நாட்டில் 2000-லேயே நின்றுவிட்டது. இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் நாக்கிங் குறைவு, ஆனால் பழைய கார்புரேட்டரில் கலவை மெலிந்து இஞ்சின் தயங்கும். அந்தத் தயக்கத்தையும் டைமிங் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதற்குத் திருக வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டரை அல்ல, பார்க்க வேண்டியது கார்புரேட்டர் ஜெட்டை.